எல்லை ஓரத்துக்குக் கழிவு ஏன் வந்து சேர்கிறது?

வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். தமிழ்நாட்டு லாரிகள் பாலக்காடு மாவட்டத்துக்குள் நுழையும் வழிகள் இவை. காய்கறி, முட்டை, கறிக்கோழி, பால், ஜல்லி, எம்-சாண்ட் என்று போகும்போது வண்டி நிறையப் பாரம் இருக்கும். திரும்பும்போது பல வண்டிகளுக்குச் சரக்கு கிடைப்பதில்லை. காலியாக ஓட்டினாலும் டீசலும் சுங்கமும் செலவுதான். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, இந்த மூட்டைகளை ஏற்றிக்கொண்டுபோய் எல்லை தாண்டி எங்காவது இறக்கிவிடுங்கள், வாடகை தருகிறேன் என்றால் சில ஓட்டுநர்கள் சம்மதித்துவிடுகிறார்கள். பொள்ளாச்சி, ஆனைமலை, கந்தேகவுண்டன்சாவடி பக்கத்துத் தோட்டங்களிலும் ஓடைகளிலும் இரவோடு இரவாகக் கழிவு வந்து விழுவதற்கு இந்தத் திரும்பு வாடகை முக்கியமான காரணம்.

சுற்றுச்சூழல் மாசு என்றதும் புகை, சாக்கடை, பிளாஸ்டிக் என்று பொருள்களை வரிசையாகச் சொல்லப் பழகியிருக்கிறோம். அது தவறில்லை. ஆனால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில், ஒரு காலைத் தமிழ்நாட்டிலும் மறு காலைக் கேரளத்திலும் வைத்து வாழும் எங்களுக்கு வேறொன்று தெரிகிறது. மாசை உண்டாக்குகிறவருக்கும் அதை அனுபவிக்கிறவருக்கும் நடுவே தூரம் கூடக் கூட மாசும் கூடுகிறது. தன் வீட்டுக் கிணற்றில் யாரும் குப்பை கொட்டமாட்டார். பக்கத்து ஊர்க் கிணறு என்றால் கொஞ்சம் யோசிப்பார். பக்கத்து மாநிலத்துக் கிணறு என்றால்? அங்கே புகார் கொடுப்பது வேறு காவல்நிலையத்தில், விசாரிப்பது வேறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், எழுதும் மொழியும் வேறு. இத்தனை அலுவலகங்களைத் தாண்டிக் குற்றம் தன்னிடம் திரும்பி வராது என்ற தைரியம்தான் எல்லை ஓரத்தைக் குப்பைமேடாக்குகிறது.

இடமில்லாத ஊரும் இடம் இருப்பதாகத் தெரியும் ஊரும்

கேரளத்தின்மேல் பழி போட்டுவிட்டு நகர்வது எளிது. ஆனால் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அங்குள்ள நெருக்கடியையும் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 860 பேர், தமிழ்நாட்டில் 555. ஊர் முடிந்து காடு, காடு முடிந்து ஊர் என்ற இடைவெளி அங்கே குறைவு. வீட்டுக்கு வீடு கிணறு. மழை அதிகம், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அப்படிப்பட்ட மண்ணில் எங்கே குப்பையைக் கொட்டினாலும் அடுத்த மழைக்குள் அதன் சாறு யாருடைய கிணற்றிலாவது இறங்கிவிடும். அதனால் எந்த ஊரும் குப்பைக் கிடங்கை ஏற்பதில்லை. திருவனந்தபுரத்தின் குப்பையை வாங்கிக்கொண்டிருந்த விளப்பில்சாலை ஊர்க்காரர்கள் போராடி 2011 இறுதியில் அந்த ஆலையை மூடவைத்தார்கள். கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச் 2 அன்று தீப்பிடித்துப் பன்னிரண்டு நாள்போல எரிந்தது. நகரமே புகைக்குள் கிடந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

இப்படி நகரத்துக்குள் இடமில்லாமல் போன கழிவு இடமிருப்பதாகத் தெரியும் பக்கம் தேடுகிறது. அப்படித் தெரிவது கிழக்கு. மற்ற இடங்களில் பெய்யும் மழையில் பாதியும் பெய்யாத வறண்ட சித்தூர்க் கிழக்கு, அதைத் தாண்டினால் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் மானாவாரி நிலம், தெற்கே போனால் தேனி, தென்காசி, திருநெல்வேலி, கன்னியாகுமரி. வறண்டு கிடப்பதால் அது வெற்றிடம் என்று வெளியே இருப்பவருக்குத் தோன்றுகிறது. அங்கே ஆடு மேய்க்கிறவர்களும், ஆழ்துளைக் கிணற்றில் வரும் கொஞ்சத் தண்ணீரை வைத்துத் தென்னை வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கில் வருவதில்லை.

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே கோடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவு கொட்டப்பட்டிருந்தது வெளியே வந்தது. நோயாளிகளின் விவரம் உள்ள தாள்கள் மூட்டைகளில் இருந்ததால் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க முடியவில்லை. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அகற்றச் சொன்னது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். கழிவை அகற்ற ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனம் ஒன்று கேரளத்தில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எல்லையில் இதற்கு முன்னும் எத்தனையோ முறை கழிவு பிடிபட்டிருக்கிறது. கொண்டுவந்தவர்களே திரும்ப அள்ளிச் சென்றது எங்களுக்கெல்லாம் புதிது. குற்றம் போன வழியிலேயே திரும்பி வந்தது என்பதுதான் அதில் முக்கியம்.

அந்த நிகழ்ச்சியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டும் கழிவு வழியிலேயே காணாமல் போக முடிகிறது. கழிவை வாங்கும்போதே பணமும் கைக்கு வந்துவிட்டால், அதைச் சுத்திகரிப்பு நிலையம்வரை கொண்டுபோவது ஒப்பந்தக்காரருக்கு வெறும் செலவாகிவிடுகிறது. நூறு கிலோமீட்டர் முன்னதாக இறக்கிவிட்டால் அந்தச் செலவு லாபமாக மாறுகிறது.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாரின் வணிகவரிச் சோதனைச் சாவடி போய்விட்டது. நாள்கணக்கில் நின்ற லாரி வரிசை மறைந்தது, நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடிக் கக்கிய புகையும் குறைந்தது. அது நல்ல மாற்றம். ஆனால் சரக்கு என்ன என்று வண்டிக்கு வண்டி கேட்ட ஒரு கண் போனதை ஈடுகட்ட வேறு கண் வைக்கப்பட்டிருக்க வேண்டும். அது போதிய அளவில் நடக்கவில்லை என்பது என் கருத்து.

மூட்டைக்குள் என்ன நடக்கிறது

கொட்டிய கழிவு மேலே தெரியும் அசிங்கத்தோடு நின்றுவிட்டால் கவலை குறைவு. சாப்பாட்டு மிச்சமும் கோழிக்குடலும் பிளாஸ்டிக்கும் பேட்டரியும் கலந்த குவியல்மேல் மழை பெய்தால், காப்பிப் பொடியில் வெந்நீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் இறங்குவதுபோல கறுப்பான சாறு அடியில் இறங்கும். ஈரக் கழிவு அழுகும்போது உண்டாகும் அமிலம், பேட்டரியிலும் சாயத்திலும் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்துப் பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். மணல் வடிகட்டுவதுபோன்ற வாய்ப்புகூட அதில் கிடையாது. ஒரு வெடிப்பில் இறங்கிய சாறு எந்தத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றில் வந்து ஏறும் என்று முன்கூட்டிச் சொல்வதும் கடினம்.

நாற்றம் தாங்காமல் ஊர்க்காரர்களே தீ வைத்துவிடுவதும் உண்டு. கோபம் புரிகிறது, ஆனால் அது நிலைமையை மோசமாக்கும். பிவிசி கலந்த பிளாஸ்டிக்கைக் குறைந்த சூட்டில் எரித்தால் டையாக்ஸின், ஃபியூரான் என்ற நச்சுகள் உருவாகின்றன. அவை காற்றில் கரைந்து ஒழிவதில்லை. புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பாலோடு வீட்டுக்கு வரும். இதனால்தான் மருத்துவக் கழிவை எரிக்கும் உலைகளில் இரண்டாம் அறையின் சூடு 1050 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும், புகை அதில் இரண்டு விநாடியாவது தங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வயல்வரப்பில் பற்றவைக்கும் தீ அந்தச் சூட்டின் பக்கத்தில்கூடப் போகாது.

காட்டு ஓரத்தில் யானையும் மானும் குப்பைக்கு வருகின்றன. கோவையில் மருதமலை அடிவாரத்தில் யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் உறைகள் கிடந்த படங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறையை யானை உறை என்று பார்ப்பதில்லை, தீனியாகத்தான் பார்க்கிறது.

மருத்துவக் கழிவைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதன்படி, ஒரு மருத்துவமனையில் சேரும் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் சாதாரணக் குப்பை. நோய்த்தொற்றோ நச்சோ உள்ளது மிச்சம் 15 சதவீதம்தான். இரண்டையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டினால் முழு மூட்டையும் ஆபத்தாகிவிடும், அகற்றும் செலவும் பல மடங்காகும். 2016ஆம் ஆண்டு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறம் வைத்தது இதற்காகத்தான்: எரிக்க வேண்டியது மஞ்சளில், கிருமி நீக்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் குழாய், பாட்டில் வகைகள் சிவப்பில், ஊசியும் பிளேடும் வெள்ளையில், கண்ணாடி நீலத்தில். பைக்குப் பார்கோடு ஒட்ட வேண்டும், 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. விதியில் குறை அதிகமில்லை. வார்டில் கையுறையைக் கழற்றும் அந்த நொடியில் எந்தத் தொட்டி பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இத்தனைக்கும் கேரளத்தின் மருத்துவக் கழிவைப் பல ஆண்டுகளாகப் பெருமளவில் வாங்கி எரித்துவரும் நிலையம் பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை நடத்துவது. தெற்கு முனையில் சேரும் கழிவுகூட முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கிழக்கு எல்லைப் பக்கம் வர வேண்டிய நிலைமை நீண்ட நாள் இருந்தது. தூரம் நீளும்போது வழியில் இறக்கிவிடும் ஆசையும் நீளும். அந்தந்த வட்டாரத்திலேயே நிலையம் வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களின் வாதம் இதனால்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. அதே நேரம், அப்படி ஒரு நிலையம் தங்கள் ஊரில் வர யாரும் சம்மதிப்பதில்லை என்பதும் உண்மை.

பிளாச்சிமடை

எல்லை மாசு என்றால் குப்பை லாரி மட்டும் இல்லை. எங்கள் பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர். அங்கே 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது. மழை மறைவுப் பகுதி, பாசனத்துக்கே அணைத் தண்ணீரை எதிர்பார்க்கும் இடம். அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் எடுத்துக் குளிர்பானம் செய்வது என்று முடிவானது.

கொஞ்ச நாளில் சுற்றியிருந்த குடியிருப்புகளில் கிணறு வற்றுகிறது, இருக்கும் தண்ணீரும் கரிக்கிறது, சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர் மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண். பள்ளிக்கூடம் போகாதவர். தண்ணீருக்காக எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதையே அவர் ஆதாரமாக வைத்துப் பேசினார். 2007இல் அவர் இறந்தார்.

ஆலையிலிருந்து வந்த சேற்றுக் கழிவை உரம் என்று சொல்லிச் சுற்றியுள்ள விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். தென்னைக்கும் வயலுக்கும் போட்டவர்கள் உண்டு. 2003இல் பிபிசி வானொலி அந்தச் சேற்றை இங்கிலாந்தில் பரிசோதிக்கக் கொடுத்தபோது காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது. காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எலும்பைப் பலவீனமாக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தொடும். இலவச உரம் என்று வாங்கிப் போட்டவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு நீதிபதி, நிலத்தடி நீர் மக்கள் எல்லோருக்கும் பொதுவானது, அரசு அதன் அறங்காவலர் என்றார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை பிறகு ஓடவில்லை. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010இல் சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்காகத் தனித் தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011இல் ஒருமனதாக மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பியது.

ஆக, ஆலை மூடப்பட்டதை வெற்றி என்று சொல்லலாம். ஆனால் கெட்ட கிணறுக்கும் கெட்ட நிலத்துக்கும் யார் பணம் தருவது என்ற கேள்விக்குப் பதில் வரவே இல்லை. மாசுபடுத்துகிறவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உச்சநீதிமன்றம் 1996லேயே வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லிவிட்டது. கொள்கை இருந்தும் பணம் கைக்கு வராத ஊர் பிளாச்சிமடை.

தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடுகிறது

மாசு மேற்கிலிருந்து கிழக்கே மட்டும் வருகிறது என்று பேசுவது நியாயமில்லை. தமிழ்நாட்டு ஆழியாறு எங்களுக்குச் சித்தூர்ப்புழையாக வருகிறது, பிறகு பாரதப்புழையில் சேர்கிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு அளந்து விட வேண்டும். மூலத்தறைத் தடுப்பணையில் அது வாய்க்கால்களுக்குத் திரும்பி எங்கள் நெல்லுக்கும் தென்னைக்கும் போகிறது. ஒவ்வொரு கோடையிலும் இரண்டு அரசுகளும் அந்த டிஎம்சி கணக்கைப் பற்றிச் சண்டை போடுகின்றன. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது. பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் தேங்காய் மட்டை ஆலைகள் நிறைய. நார் எடுத்தபின் மிஞ்சும், பித் என்று எல்லாரும் சொல்லும் தூள் ஒருகாலத்தில் மலைபோல் குவிந்து கிடந்தது. இன்று அது மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க வெளிநாட்டுக்குப் போகும் சரக்கு. விலை கிடைக்கிறது, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் பித்தில் இயல்பாகவே உப்பு அதிகம். அது போனால்தான் வாங்குவார்கள். அதனால் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். அலசிய தண்ணீர் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏறிச் செம்பழுப்பாக வெளியே வருகிறது. அதைக் கிணற்றுப் பக்கம் விட்டால் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிறது, உப்பு ஏறுகிறது. ஓடையில் விட்டால் ஆழியாறு வழியாக எங்களிடம் வருகிறது. ஊர்க்காரர்களின் புகார்களுக்குப் பிறகு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் இந்த ஆலைகளை மாசில்லாத வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. சிறு ஆலைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை; சுத்திகரிப்புக்கு முதலீடு செய்ய எல்லாராலும் முடியாது. பல ஆலைகள் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்புத் தொட்டி, அலசும் தண்ணீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு என்று அரசு பங்கு போட்டுச் செய்தால் தொழிலும் நிலைக்கும், ஆறும் பிழைக்கும்.

வடக்கே இதற்கு நேர் மாறான பாதை. பவானி நீலகிரியில் பிறந்து, முக்காலி பக்கம் அட்டப்பாடிக்குள் வந்து, மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் போய்ப் பில்லூர் அணையை நிரப்புகிறது. சிறுவாணி அணையும் பாலக்காடு மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. கோவை நகரம் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்தும் வருவதுதான். அட்டப்பாடி ஆற்றங்கரையில் கொட்டுவது கோவைக் குழாயில் வரும். பொள்ளாச்சி ஓடையில் விடுவது சித்தூர் வயலில் ஏறும். இரண்டு பக்கமும் ஒருவர் குடிக்கும் தண்ணீர் மற்றவர் கையில் இருக்கிறது.

பூச்சிமருந்திலும் எல்லை ஒரு வேலை செய்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்ததன் விளைவு உலகுக்கே தெரியும். அதன்பின் கேரளம் அதைத் தடுத்தது. ஆனால் எங்கள் பக்கத்து முதலமடை மாந்தோப்புகளுக்கு எல்லை தாண்டி அது வந்துகொண்டிருந்தது என்று அப்போது புகார்கள் எழுந்தன. ஏனென்றால் சில கிலோமீட்டர் தள்ளிக் கடையில் சட்டப்படியே விற்றது. 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் தடுத்த பிறகுதான் அந்த ஓட்டை அடைபட்டது. ஒரு மாநிலம் மட்டும் போடும் தடை எல்லை ஓரத்தில் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கும் ஆலைகள் இருக்கின்றன, அப்பால் வாளையாரிலும் மதுக்கரையிலும் சிமெண்ட் ஆலைகள், நடுவில் லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவத்தில் காற்று கிழக்கே அடிக்கும், மார்கழி, தையில் மேற்கே திரும்பும். புகையும் பருவத்தோடு பக்கம் மாறுகிறது.

எதைச் செய்தால் குறையும்

தனிமனிதர் துணிப்பை எடுத்துப்போவது நல்லது, நானும் எடுத்துப்போகிறேன். தமிழ்நாடு 2019 ஜனவரியிலும் கேரளம் 2020 ஜனவரியிலும், நாடு முழுவதும் 2022 ஜூலையிலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தன. ஆனாலும் எல்லைச் சந்தைகளில் பை இன்னும் புழங்குகிறது. தடை தேவை, அது மட்டும் போதாது.

நான் முதலில் கேட்பது, கழிவுக்கான பணத்தை எடுத்துப்போகும்போது கொடுக்காமல், சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து எடைபோட்ட சீட்டு வந்தபிறகு கொடுக்க வேண்டும் என்பது. கிளம்பும் எடையும் சேரும் எடையும் ஒத்துப்போகாவிட்டால் பணம் கிடையாது. பார்கோடும் ஜிபிஎஸ்ஸும் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றைப் பணத்தோடு முடிச்சுப் போட வேண்டியதுதான் பாக்கி. வழியில் இறக்கினால் லாபம் என்ற கணக்கு அப்போது உடையும். மருத்துவக் கழிவைக் கொட்டுகிறவர்களைத் தடுப்புக் காவலில் வைக்கத் தமிழ்நாடு 2025இல் சட்டம் திருத்தியிருக்கிறது. பயம் கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் பிடிபடுவது பெரும்பாலும் ஓட்டுநர். மூட்டையை அனுப்பியவர் கையெழுத்து எங்கே என்று தேடாதவரை அந்தச் சட்டம் பாதி வேலைதான் செய்யும்.

இரண்டாவது, பிரிப்பது. இதில் கேரளத்திடம் தமிழ்நாடு கற்றுக்கொள்ளலாம். உள்ளாட்சிகளின் கழிவு சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனாப் பெண்கள் வீடு வீடாக வந்து கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள். மாதம் 50 ரூபாய்போலக் கட்டணம். முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது அவர்கள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் சரக்கு. மீன்தண்ணீர் ஒட்டிய பிளாஸ்டிக் குப்பை. உருக்கிப் பயன்படுத்த முடியாததைச் சிமெண்ட் சூளைக்காவது அனுப்பலாம். ஈரக் கழிவு மொத்தக் கழிவில் ஏறக்குறைய பாதி. தோட்டம் உள்ள வீட்டில் ஒரு குழி வெட்டினாலே அந்தப் பாதி லாரி ஏறாது. தமிழ்நாட்டு எல்லை ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். பிரித்து வாங்கும் ஒழுங்கும் வாங்கியதை விற்கும் ஏற்பாடும் இந்தப் பக்கத்தைப்போல அங்கேயும் வந்தால் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே பழக்கம் வரும்.

அப்புறம் மொழி. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கம் தமிழ்தான் வீட்டுமொழி. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்கிறது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை, பெரிய ஆலைகளுக்கான மக்கள் கருத்துக்கேட்பில் திட்டச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்கிறது. பிளாச்சிமடை ஆலை வந்தபோது, சேற்றில் என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு தாள் கொடுத்திருந்தால் எத்தனை பேர் அதை வயலில் போட்டிருப்பார்கள்? ஆலை வருகிறது, கிடங்கு வருகிறது என்றால் கிராம சபையில் தமிழில் விளக்கம் கேட்பது எங்கள் உரிமை. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் எங்களிடம் குறைவு.

கடைசியாக மணக்கடவு. அங்கே தண்ணீரின் அளவு எடுக்க ஏற்கனவே ஆள் இருக்கிறது, கருவி இருக்கிறது. அதே இடத்தில் உப்பு, கரைந்த ஆக்சிஜன், டானின், உலோகம் ஆகியவற்றையும் இரண்டு மாநில வாரியங்களும் சேர்ந்து மாதம் ஒருமுறை எடுக்கலாம். அட்டப்பாடியிலிருந்து பவானி வெளியேறும் இடத்திலும் அப்படியே. முடிவை மூலத்தறையிலும் ஆனைமலையிலும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, பெரிய செலவும் இல்லை; இரண்டு வாரியங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே தொடங்கலாம்.